மூளைப் படமும் தருமக் காசும்: வாசகர் கேள்வி – பதில்

மூளைப் படமெடுப்பு ஆய்வுக்கும் அதைக் கற்பிப்பதற்கும் காசு கொடுப்பவர்கள், திரட்டுபவர்கள், செலவழிப்பவர்கள் என்று மூன்று தரப்பிலும் இருந்து மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றையே கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கம் லண்டனில் இயங்குகிறது. இங்கே ஒரு நிலையம் கழிக்கிற 1.5 டெஸ்லா காந்த வலுவுள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை மலிவாக எடுத்து, ஆய்வுக்கும் படிப்புக்கும் என்று மட்டக்களப்புக்கு அனுப்ப யோசிக்கிறோம். கப்பல் கூலி வரை காசு சேர்ந்துவிட்டது. இன்னும் என்ன பார்க்கவேண்டும்?
– களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த வாசகர், லண்டன்

பதில்: இயந்திரத்தின் விலையும் கப்பல் கூலியும் இந்தக் கணக்கின் முதல் இரண்டு வரிகள்தான். மீதி வரிகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யின் காந்தச் சுருள் −269 பாகை செல்சியஸில், திரவ ஹீலியத்துக்குள் கிடந்தால்தான் மின்தடையின்றி வேலை செய்யும். பழைய மாதிரிகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லீற்றர் ஹீலியம் நிற்கும். ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பத் திரவமாக்க ஒரு குளிர்த்தலை, அதை ஓட்ட ஒரு கொம்பிரஸர், கொம்பிரஸர் சூடேறாமல் இருக்கக் குளிர்நீர் கொடுக்கும் சில்லர். நோயாளியே வராத போயா தினத்து நள்ளிரவிலும் இவை மூன்றும் ஓடவேண்டும். கரண்ட் போய், ஜெனரேட்டரும் கொம்பிரஸருக்குக் கொடுக்கப்படாமல் இருந்தால், அந்த நேரம் முழுக்க ஹீலியம் குறைந்துகொண்டே போகும். ஹீலியம் இலங்கையில் உற்பத்தியாவதில்லை. குறைந்ததை நிரப்ப இறக்குமதிதான் வழி.

இந்தக் காந்தத்தைக் குளிரோடு கப்பலில் ஏற்றினால், கடலில் போகிற நாளும் கொழும்புத் துறைமுகத்தில் பத்திரங்களுக்காகக் காத்துக்கிடக்கிற நாளும் ஹீலியத்தைத் தின்னும். சூடாக்கி அனுப்பினால் இங்கே முதலிலிருந்து குளிர்விக்கவேண்டும். அந்த ஹீலியத்தின் விலை, நீங்கள் பழைய இயந்திரத்துக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடக்கூடும்.

அடுத்தது அறை. செப்புத் தகடு பொதிந்த அறை வேண்டும். இல்லையென்றால் வெளி வானொலி அலைகள் படத்தில் கோடுகளாக விழும். அறைக் கதவைச் சுற்றியுள்ள உலோக விரல்கள்தான் எப்போதும் முதலில் பழுதாகும் இடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் உப்புக்காற்று அவற்றில் களிம்பு பிடிக்கவைக்கும். ஈரப்பதன் அகற்றி ஓயாமல் ஓடவேண்டும். தரை பல தொன் பாரம் தாங்கவேண்டும். காந்தப் புலம் 5 கௌஸுக்கு மேல் இருக்கும் எல்லைக்குள் பொது நடைபாதை வரக்கூடாது; இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர் தெரியாமல் அந்த வழியால் நடந்துவிட்டால் ஆபத்து. காந்தம் திடீரெனக் குளிர் இழந்தால் ஹீலியம் முழுவதும் வாயுவாகும். 1 லீற்றர் திரவம் ஏறத்தாழ 750 லீற்றர் வாயு. அதை வெளியேற்றும் பெருங்குழாயின் வாயில் மழைநீர் தேங்கினாலோ பறவை கூடு கட்டினாலோ அந்த வாயு அறைக்குள் வந்து ஒட்சிசனைத் தள்ளிவிடும். மாரி மழை கொட்டும் இடத்தில் குழாயின் முடியைக் கீழ்நோக்கி வளைத்து, வலை போட்டு, வருடத்தில் இரண்டு முறையாவது ஏறிப் பார்க்கவேண்டும்.

பிறகு கடிதங்கள். உற்பத்தி நிறுவனம் இந்த மாதிரிக்கு இன்னும் எத்தனை வருடம் உதிரிப்பாகம் தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மென்பொருள் உரிமம் புதிய உடைமையாளருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் மாறாது. பெறுகிற வைத்தியசாலையின் பணிப்பாளரும் சுகாதார அமைச்சும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. சி.ரி. இயந்திரம் என்றால் கதிர்வீச்சு இருப்பதால் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபையின் உரிமமும் சேரும், எம்.ஆர்.ஐ.க்கு அது இல்லை.

2011இல் வெளியான ஓர் ஆய்வு, வளரும் நாடுகளின் வைத்தியசாலைகளில் இருந்த 112,040 மருத்துவக் கருவிகளின் பதிவுகளைப் பார்த்தது. 38.3 சதவீதம் வேலை செய்யவில்லை. காரணங்கள் பயிற்சியின்மை, பராமரிப்பு நிர்வாகமின்மை, கட்டடமும் மின்சாரமும் சரியில்லாமை. கருவி பழையது என்பது முதல் மூன்றிலும் இல்லை.

பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருடந்தோறும் புது இயந்திர விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஐந்து வருடத்துக்கு அரை இயந்திரம். அந்தத் தொகை கையில் இல்லாவிட்டால் வாங்கவேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். சேர்ந்த காசை ஏற்கெனவே ஓடுகிற ஓர் இயந்திரத்துக்குக் கொடுங்கள். படம் எடுக்கும்போது தலையைச் சுற்றி வைக்கும் தலைச் சுருள் ஒன்று, சில்லருக்கு உதிரிப் பம்பி ஒன்று, கொம்பிரஸருக்குத் தனி ஜெனரேட்டர் இணைப்பு, நோயாளிகள் முடிந்த பின் மாலையில் ஆய்வுக்கு வாங்கும் மணித்தியாலங்கள். இவற்றில் உங்கள் பெயரைக் கல்லில் பொறிக்க இடம் குறைவுதான்.

கேள்வி: சுவர்ப் பிளக்கில் போட்டு ஓட்டும் சின்ன எம்.ஆர்.ஐ. வந்திருக்கிறதாமே. அதை வாங்கினால் மேலே சொன்ன தலையிடி எதுவும் இல்லைத்தானே?
– தாதிய உத்தியோகத்தர், அம்பாறை

பதில்: ஹீலியத் தலையிடி இல்லை. நிலைக் காந்தம், 0.064 டெஸ்லா, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதித்தது. சில்லுகளில் தள்ளிக்கொண்டு போகலாம், தலையை மட்டும் எடுக்கலாம். கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் குழந்தை மூளை வளர்ச்சி ஆய்வுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மூளைநீர்த் தேக்கம், பெரிய இரத்தக்கசிவு, பெரிய பாரிசவாதம் தெரியும். சின்னக் காயங்கள் தப்பிவிடும். சிந்திக்கும்போது மூளையில் இரத்தம் எங்கே கூடுகிறது என்று பார்க்கும் எப்.எம்.ஆர்.ஐ.க்கு உதவாது. படத்தைத் தெளிவாக்குவது பெரும்பாலும் மென்பொருள் என்பதால், வாங்குமுன் கேட்கவேண்டியது வருடாந்தக் கட்டணம் எவ்வளவு, அதைக் கட்டாவிட்டால் இயந்திரம் படம் தருமா என்பதைத்தான்.

கேள்வி: பழைய மாணவர் சங்கம் எங்கள் உயிரியல் பிரிவுக்கு ஈ.ஈ.ஜி. கருவி ஒன்று வாங்கித்தரச் சம்மதித்திருக்கிறது. “இது படம் எடுக்கிற கருவி இல்லையே, இதற்கேன் காசு” என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எங்கே பிழைக்கும்?
– விரிவுரையாளர், கல்முனை

பதில்: தாராளமாக வாங்கலாம். ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிந்த முறை இது. மூளையில் எங்கே வேலை நடக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லாது. எப்போது என்பதை மில்லி செக்கனில் சொல்லும். எம்.ஆர்.ஐ.யால் அது முடியாது. மாணவர் கையால் தொட்டுப் பழகக்கூடிய மூளைக் கருவியும் இது.

பிழைக்கிற இடங்கள் நிறைய. பிடிக்கப்போகும் சமிக்ஞை 10 முதல் 100 மைக்ரோவோல்ற்றுதான். 50 மைக்ரோவோல்ற் என்றால் ரோர்ச் பற்றரி ஒன்றின் 1.5 வோல்ற்றில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதனால் சின்ன இடைஞ்சலும் மலையாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் முதல் எதிரி தேங்காயெண்ணெய். எண்ணெய் பூசிய தலையில், மின்னலையைப் பிடிக்கும் மின்வாய் ஒட்டாது, தடை ஏறும். முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு முழுகி, எண்ணெயும் ஜெல்லும் பூசாமல், காய்ந்த தலையோடு வரச் சொல்லுங்கள். இதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள், தொலைபேசியில் சொன்னால் மறந்துவிடுவார்கள். மின்வாய் வைக்கும் இடத்தைப் பஞ்சால் மெல்லத் தேய்த்து, பசை இட்டு, தடை 5 கிலோ ஓம்முக்குக் கீழே வரும் வரை பொறுங்கள். பசையை அள்ளி வைத்தால் பக்கத்து மின்வாயோடு பாலம் போட்டுவிடும். இரண்டு தடத்திலும் ஒரே அலை வந்தால் அதுதான் காரணம்.

இரண்டாவது வியர்வை. பதிவு மெதுவாக மேலும் கீழும் மிதந்தால் மூளையைச் சந்தேகிக்கவேண்டாம், அறையைக் குளிராக்குங்கள். மூன்றாவது 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல்: ரியூப் லைற், மின்விசிறி ரெகுலேற்றர், போன் சார்ஜர். மடிக்கணினியைப் பற்றரியில் ஓட்டி, மற்றவற்றை அணைத்து, நிலத்தொடுப்பை மின்வேலைகாரரைக் கொண்டு அளப்பியுங்கள். மென்பொருள் வடிகட்டி இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டால், கழன்றுபோன மின்வாயையும் அது மறைத்துவிடும்.

இடம் குறிப்பதற்கு மூக்கின் வேரிலிருந்து பிடரி மேட்டுக்கு நாடாவால் அளந்து, முதல் 10 சதவீதம், பிறகு 20, 20 என்று பிரிப்பார்கள். நீளம் 36 சென்றிமீற்றர் என்றால் முதற்புள்ளி 3.6இல், அடுத்தது அதிலிருந்து 7.2இல். தொப்பி வாங்கினால் ஒரே அளவில் இரண்டு வாங்காமல் 50–54, 54–58 சென்றிமீற்றர்ச் சுற்றளவுகளில் ஒவ்வொன்று வாங்குங்கள். கண்ணை மூடச்சொன்னதும் பிடரிப் பக்கத்தில் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் அலை எழுந்தால் எல்லாம் சரி. எழாவிட்டால் அன்றைய பதிவைத் தொடங்கவேண்டாம்.

நன்கொடையாளர் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஹிஜாப் அணியும் பெண்கள் பங்குபற்றவேண்டுமானால் பூட்டக்கூடிய அறையும், மின்வாய் வைக்கப் பழகிய பெண் ஒருவரும், முடிந்ததும் பசையைக் கழுவத் தண்ணீரும் வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத ஆய்வு கல்முனையில் பாதிச் சனத்தைத் தானாகவே விட்டுவிடும். ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் கருவியோடு ஒரு கைகழுவு தொட்டியையும் திரைச்சீலையையும் பெண் உதவியாளரின் சம்பளத்தையும் எழுதுங்கள். பசையும் மாற்று மின்வாய்களும் தீர்ந்துபோகிற பொருள்கள். இரண்டாம் வருடத்துக்கும் இப்போதே காசு ஒதுக்குங்கள்.

கேள்வி: நான் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். மூளைப் படங்களில் ஆய்வு செய்ய ஆசை. கிட்ட எங்கேயும் ஆய்வுக்கென்று இயந்திரம் இல்லை. கொழும்புக்குப் போனால்தான் சரிவருமா?
– மாணவர், ஒலுவில்

பதில்: வேண்டியதில்லை. உலகத்தில் எடுத்துக் கிடக்கிற படங்களுக்கு ஆராயும் ஆள்தான் குறைவு. ஓட்டிசம் பற்றிய அபைட் தொகுப்பின் முதற்பகுதியில் 17 நிலையங்களில் எடுத்த 1,112 பேரின் படங்கள் இருக்கின்றன. மூளைக்குள் இருக்கும் இணைப்புகளை வரையும் மனித கனெக்ரோம் திட்டம் ஏறத்தாழ 1,200 இளம் வயதினருடையதைத் தந்திருக்கிறது. ஓபன்நியூரோ என்ற இணையக் களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் தரவு திறந்தபடி கிடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்ற கருச்சிசு மூளை வரைபடத்தில் 5,132 வெட்டுமுகங்கள் உண்டு. அதையும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு தனவந்தரின் நன்கொடையில் எழுந்த மையம் அது என்பதையும் உங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். படங்களை ஆராயும் மென்பொருள்களும் இலவசம்: ஒக்ஸ்போர்ட்டின் எப்.எஸ்.எல்., லண்டனின் எஸ்.பி.எம்., பொஸ்ரனின் ஃப்ரீசேர்ஃபர்.

காசு தேவைப்படுவது கணினிக்கு. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள மேசைக்கணினியில் ஃப்ரீசேர்ஃபரை மூன்று மூளைகளுக்கு ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஒரு மூளைக்கு 8 மணித்தியாலம் என்றால் 40 மூளைக்கு 14 சுற்று, 112 மணித்தியாலம், கிட்டத்தட்ட ஐந்து நாள். நான்காம் நாள் கரண்ட் போனால் அந்தச் சுற்று போய்விடும். ஆகவே யூ.பி.எஸ். ஆடம்பரமில்லை. ஒவ்வொரு மூளைக்கும் 300 மெகாபைட் அளவில் விளைவு சேரும். இரண்டு வெளி வன்தட்டு வாங்கி ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

புதிதாக வருபவர்கள் அனேகமாக விழுகிற குழி இடது வலது. வைத்தியர்கள் படத்தைப் பார்க்கும்போது நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் வரும். சில ஆய்வு மென்பொருள்கள் அதைத் திருப்பிக் காட்டும். கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தகவல் தொலைந்தால், வலது மூளைப் பாதிப்பு இடதாகிவிடும். சொந்தமாகப் படம் எடுப்பவர்கள் வலது நெற்றிப்பொட்டில் மீனெண்ணெய்க் குளிகை ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அது வெள்ளையாகத் தெரியும், பிறகு வாதமே இல்லை. தரவிறக்கிய படங்களில் அந்த வசதி கிடையாது. அதனால் கோப்பின் தொடக்கத்தில் திசை எழுதியிருக்கும் தலைப்பகுதியை வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: எல்லாப் படங்களையும் கண்ணால் பாருங்கள். தலையை ஆட்டியவரின் படத்தில் மூளையின் மேற்படையான புறணி மெலிந்ததாகக் கணக்கு வரும். சின்னப் பிள்ளைகளும் நோயாளிகளும்தான் அதிகம் ஆடுவார்கள். அப்படியே விட்டால் நோயின் அடையாளம் என்று நீங்கள் எழுதுவது ஆட்டத்தின் அடையாளமாக இருக்கும். பாதியில் மென்பொருளின் பதிப்பை மாற்றவும் கூடாது.

திறந்த தரவுதான் என்றாலும் ஒழுக்கவியல் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டு, விலக்களிப்பை எழுத்தில் வாங்கிவையுங்கள். பின்னால் சஞ்சிகை கேட்கும்.

கேள்வி: எங்கள் கோயில் பரிபாலன சபை திருவிழா மிச்சத்தை மூளை நோய் ஆய்வுக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. ஒரு அறக்கட்டளைக்குக் கொடுப்பதா, பல்கலைக்கழகத்துக்கே கொடுப்பதா? உபயகாரர் சிலர் தனியாகவும் தர இருக்கிறார்கள். அவர்களுக்கு வரிச் சலுகை உண்டா?
– வண்ணக்கர், மட்டக்களப்பு

பதில்: உபயகாரரின் வரியை மட்டும் பார்த்தால் பல்கலைக்கழகம் நல்லது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அரசுக்கோ பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த உயர்கல்வி நிறுவனத்துக்கோ கொடுக்கும் நன்கொடையை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குத் தனியாள் கொடுப்பதென்றால், வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் எல்லை. அந்த அங்கீகாரமும் நோயாளரையும் வறியவரையும் வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு உரியது. ஆய்வை மட்டும் நோக்கமாகக் கொண்ட அறக்கட்டளை அதில் அடங்குவது கடினம். அரசசார்பற்ற நிறுவனமாகப் பதிந்த அமைப்புக்கு இன்னொரு சங்கடம்: பெறுகிற நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாகக் கணித்து அதன்மேல் வரி அறவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் உள்ள சிக்கல் வேறு. காசு நிதியாளரின் பொதுக் கணக்கில் விழுந்துவிட்டால், கொள்வனவு நடைமுறை, விலைமனு, சபை அனுமதி என்று ஒரு பெட்டி மின்வாய்ப் பசை வாங்க மாதக்கணக்காகும். ஆகவே காசோலை எழுதுவதற்கு முன் ஒரு பக்க உடன்படிக்கை செய்யுங்கள். எந்தப் பீடம், என்ன நோக்கம், எத்தனை வருடம், பொறுப்பானவர் மாறினால் யார், மிஞ்சினால் என்ன செய்வது, வருடக் கணக்கு யாருக்கு வரவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்துக்குக் கொடுத்தாலும் வேறெங்கு கொடுத்தாலும் இது பொருந்தும். காசோலை நிறுவனத்தின் பெயருக்கு மட்டும். ஒரு விரிவுரையாளரின் சொந்தக் கணக்குக்கு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், போடக்கூடாது. பற்றுச்சீட்டில் கோயிலின் பெயரும் கொடுத்தவரின் பெயரும் கலந்துவிட்டால் கழிவு கேட்க முடியாது. உபயகாரர் தனித்தனியே கட்டட்டும்.

கேள்வி: ஸக்காத் பணத்தை மூளை ஸ்கேன் ஆய்வுக்குக் கொடுக்கலாமா?
– பள்ளிவாசல் நிர்வாகி, அக்கரைப்பற்று

பதில்: மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுடையது, எங்களுடையதல்ல. கேட்கப்போகும்போது இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்: வறிய நோயாளி ஒருவரின் ஸ்கேன் கட்டணமும் பயணச் செலவும் ஒன்று, இயந்திரம், ஆய்வாளர் சம்பளம் வேறொன்று. ஸக்காத் பெறத் தகுந்த எட்டுப் பிரிவினரில் முதலாவதை அடக்குவது லேசு. இரண்டாவதை ஸதகாவாகவோ வக்பாகவோ எழுதலாமா என்று கேட்டுப் பாருங்கள். பைத்துல்மால் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள்.

கேள்வி: பிள்ளையின் மூளையை ஸ்கேன் பண்ணி எந்தத் துறைக்குப் பொருத்தம் என்று சொல்லும் ஆய்வு நடத்தப்போவதாக ஒருவர் நன்கொடை கேட்கிறார். 20 மாணவர் போதுமாம். கொடுக்கலாமா?
– பெற்றோர், ஏறாவூர்

பதில்: கொடுக்கவேண்டாம். எப்.எம்.ஆர்.ஐ. எண்ணத்தைப் படம் எடுப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ஒட்சிசன் ஏற்றிய இரத்தம் கூடுதலாக வருவதைத்தான் பார்க்கிறது. அதுவும் ஐந்தாறு செக்கன் பிந்தி, ஒன்றிரண்டு சதவீத மாற்றமாக, படத்தைப் பிரித்த மூன்று மில்லிமீற்றர்ச் சின்னக் கனசதுரக் கட்டிகளில். ஒரு இலட்சம் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றுக்கு ஐந்து பிழை பரவாயில்லை என்று விட்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஐயாயிரம் கட்டிகள் ‘ஒளிரும்’. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சமன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் ‘காட்டி’, இப்படிப் பலமுறை சோதிப்பதால் வரும் பிழைக்குத் திருத்தம் செய்யாமல் கணக்குப் பார்த்தபோது மீனின் மூளையிலும் ஒளிர்ந்தது.

ஆட்களுக்கிடையே உள்ள திறமை வேறுபாட்டையும் மூளைப் படத்தையும் இணைக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது. அது ஏறத்தாழ 50,000 பேரின் படங்களைக் கொண்டு செய்தது. 20 பேர் என்பது எல்லா ஆய்வுக்கும் குறைவு என்றில்லை. ஒரே ஆளைப் பலமுறை எடுத்து, அவருக்குள்ளேயே மாற்றத்தைப் பார்க்கும் ஆய்வுக்கு 20 பேர் போதலாம். நன்கொடை கேட்டு வருபவரிடம் இந்த ஒரு வேறுபாட்டைக் கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

கேள்வி: மூளைப் பட ஆய்வுக்குத் தொண்டராக வரும் ஊர்ச் சனத்துக்கு என்ன செலவுகள் வரும்? நாங்கள் திரட்டும் நிதியில் அதற்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும்?
– சமூக சேவை உத்தியோகத்தர், வாழைச்சேனை

பதில்: போக்குவரத்து, ஒரு நாள் கூலி, சாப்பாடு. இவற்றைக் கொடுப்பது நியாயம். அதற்கு மேல் பெருந்தொகை கொடுத்தால் காசுக்காக உடல்நிலையை மறைத்துக்கொண்டு வருவார்கள், எம்.ஆர்.ஐ. அறையில் அது உயிராபத்து.

எங்கள் மாவட்டங்களில் அந்த மறைவுக்குத் தனிப் பெயர் உண்டு: ஷெல் துண்டு. யுத்தம் 2009இல் முடிந்தாலும் உடம்பில் தங்கிய இரும்புத் துண்டுகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. சிலருக்குத் தங்களுக்கே தெரியாது. எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைக்கும். கண்ணிலோ மூளைக்குப் பக்கத்திலோ என்றால் நினைத்துப் பார்க்கவே கூடாது. “உடம்பில் உலோகம் உண்டா” என்று படிவத்தில் கேட்டால் இல்லை என்பார்கள். “ஷெல் அடி, குண்டு வெடிப்பு, சூடு ஏதும் பட்டதா? ஒட்டுவேலை, கிரைண்டர் வேலை செய்தீர்களா, கண்ணில் தூசு விழுந்து வைத்தியரிடம் போனீர்களா?” என்று தமிழில் வாயால் கேட்கவேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே காசை நிதியில் எழுதுங்கள். மூக்குத்தி, தாயத்து, அரைஞாண், சேலை ஊசி எல்லாம் வெளியே. தங்கத் தாலியைக் காந்தம் இழுக்காது. ஆனால் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் கூடும், அதோடு கொடியில் கோத்த ஊக்கு இரும்பு. கழற்ற மனமில்லாதவரை வற்புறுத்தாமல் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பெரும்பாலானோர் மறக்கும் செலவு எதிர்பாராமல் தென்படும் நோய். நோயில்லை என்று நம்பி வருபவர்களின் மூளைப் படங்களில் 37 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் கட்டியோ இரத்தக்குழாய் வீக்கமோ வேறேதோ தென்படும் என்று 2009இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கணித்தார்கள். 40 பேரை எடுக்கிறீர்கள் என்றால் ஒருவருக்கு வரும் என்றே திட்டமிடுங்கள். எல்லாப் படத்தையும் கதிரியக்க வைத்திய நிபுணர் வாசிப்பதற்கும், அந்த ஒருவரை எந்தக் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்பதற்கும் முன்பே ஏற்பாடு வேண்டும். சம்மதப் படிவத்தில் “தெரியவந்தால் எனக்குச் சொல்லவேண்டும் / வேண்டாம்” என்று கேட்டு வையுங்கள். முகம் தெரியும் படம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தலைப்படத்திலிருந்து முகத்தை மீட்டு வரையலாம். அதனால் பகிருமுன் முகப் பகுதியை மென்பொருளால் அழிக்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்க யாரிடம் போகலாம்?
– ஆராய்ச்சி மாணவி, வந்தாறுமூலை

பதில்: பயிற்சிக்கும் பயணத்துக்கும் 1961இல் தொடங்கிய சர்வதேச மூளை ஆய்வு நிறுவனமான இப்ரோ, அதன் ஆசிய பசுபிக் பிரிவைப் பாருங்கள். பாடசாலை நிகழ்ச்சிகளுக்கு, மார்ச் மாதத்து மூளை விழிப்புணர்வு வாரத்தை நடத்தும் டேனா அறக்கட்டளை. பெரிய ஆய்வுக்கு, ஹென்றி வெல்கமின் மரண சாசனத்தால் 1936இல் அமைந்த வெல்கம் அறக்கட்டளை. கதிரியக்கத் துறைப் பயிற்சிக்கு, 2008இல் தொடங்கிய ராட்எயிட்.

விண்ணப்பம் விழுவது அறிவியலில் அல்ல, அனேகமாகப் பின்னிணைப்பில். ஒழுக்கவியல் அனுமதி ‘பரிசீலனையில்’ என்று இருக்கும், பீடாதிபதியின் கடிதத்தில் திகதி இராது, டொலருக்கு எந்த நாள் மாற்று விகிதம் என்று எழுதியிராது. விகிதத்தையும் நாளையும் எழுதி, ரூபாய் ஏறி இறங்கினால் எந்தச் செலவைக் குறைப்பீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். இறுதி நேரத்தைக் கிரீன்விச் நேரத்தில் போட்டிருப்பார்கள். மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 10.30. அந்த இரவில் உங்கள் பக்கத்தில் கரண்ட் போகும் என்று நினைத்து இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பாரிசவாதத்தில் போன அம்மாவின் நினைவாக வருடம் 50,000 ரூபாய் மூளை ஆய்வுக்குத் தர விருப்பம். இந்தச் சின்னக் காசுக்கு ஏதாவது நடக்குமா?
– வாசகி, பொத்துவில்

பதில்: நடக்கும், ஒரே இடத்தில் ஒரே விஷயத்துக்குக் கொடுத்தால். பொத்துவில், வாகரை போன்ற தூர இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் காசும் பகல் சாப்பாடும் இல்லாததால், ஆய்வுகளில் பெரும்பாலும் நகரத்துச் சனத்தின் மூளைதான் இருக்கும். உங்கள் தொகையை அதற்கென்றே எழுதிக் கொடுங்கள். அல்லது சம்மதப் படிவங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் திருத்துவதற்கு. வருட முடிவில் இரண்டு எண்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரின் பதிவு பழுதாகிப் பயன்படாமல் போனது. இரண்டாவது எண்ணைத் தயங்காமல் தருகிற குழுவுக்கு அடுத்த வருடமும் கொடுக்கலாம்.